சாக விடாமல் சாகடிக்கும் வைரஸ்

ஒரு பிணம் தொங்குகிறது. தலைகீழாக. பின்னங்கால்களால் இலை விளிம்பைப் பிடித்தபடி, தலை தரையைப் பார்த்தபடி. தோல் மட்டும்தான் மிச்சம். உள்ளே எலும்பு கிடையாது (எப்போதுமே கிடையாது), இப்போது சதையும் கிடையாது. குச்சியால் லேசாகத் தொட்டால் போதும். தோல் கிழிந்து பழுப்பாக, கொழகொழவென்று ஒரு திரவம் வடிகிறது.

போலீஸுக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம். செத்தது ஒரு புழு. இடம், புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடிப் பக்கம் ஒரு கடலைக் கொல்லை. கடலை என்றதும் ராத்திரி பதினோரு மணிக்கு போனில் போடுகிற கடலையை நினைத்துக்கொள்ளும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: இது நிஜக் கடலை. வேர்க்கடலை. மண்ணுக்குள் காய்ப்பது.

புழுவின் பெயர் புரோடீனியா. விஞ்ஞானிகள் இதற்கு ஸ்போடாப்டிரா லிட்டூரா என்று பெயர் மாற்றிப் பல வருஷம் ஆகிறது. ஊரில் இன்னும் பழைய பெயர்தான். நம் மவுண்ட் ரோடு மாதிரி. கடலை, உளுந்து, ஆமணக்கு, பருத்தி, மிளகாய், புகையிலை என்று நூற்றுக்கும் மேற்பட்ட செடி வகைகளைச் சாப்பிடும் ஆசாமி. தாய் அந்துப்பூச்சி நூற்றுக்கணக்கில் ஒரே குவியலாக முட்டையிட்டு, அதன்மேல் தன் உடம்பு ரோமத்தைப் போர்த்திவிட்டுப் போய்விடும். பொரிந்து வரும் குஞ்சுகள் கூட்டமாக உட்கார்ந்து இலையின் பச்சையைச் சுரண்டும். இலை சல்லடை ஆகும். கொஞ்சம் வளர்ந்ததும் கூட்டுக் குடும்பம் பிரிந்து தனிக்குடித்தனம். பகலில் மண் இடுக்கில் தூக்கம், ராத்திரி டூட்டி. காலையில் போய்ப் பார்த்தால் காம்பு இருக்கும், இலை இருக்காது, குற்றவாளியும் இருக்க மாட்டான்.

இதன் மீது அடிக்காத மருந்து இல்லை. பெரும்பாலானவற்றை அது ஜீரணித்துவிட்டது. இன்ன கம்பெனி, இன்ன ரசாயனம் என்று ஒவ்வொன்றாகப் பழகிக்கொண்டு எதிர்ப்பு சக்தி வளர்த்துக்கொண்டதில் இந்தப் புழுவுக்கு உலகப் புகழ் உண்டு.

அப்பேர்ப்பட்ட ஆசாமியைத் தலைகீழாகத் தொங்கவிட்டது யார்?

ஒரு வைரஸ். முழுப் பெயர் நியூக்ளியர் பாலிஹெட்ரோஸிஸ் வைரஸ். நியூக்ளியர் என்றதும் கல்பாக்கத்துக்குப் போய்விடாதீர்கள். செல்லின் மையத்தில் இருக்கும் நியூக்ளியஸைத்தான் சொல்கிறார்கள். அங்கே குடியேறிப் பெருகுவதால் இந்தப் பெயர். வேளாண்மைக்காரர்கள் செல்லமாக என்.பி.வி. என்பார்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஆர்.ஜே. ரபீந்திரா போன்றவர்கள் பல வருஷம் இதோடு மல்லுக்கட்டி, வயலில் தெளிக்கிற பக்குவத்துக்குக் கொண்டுவந்தார்கள். புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகிற வழியில் வம்பன் என்று ஒரு ஊர். பெயர்தான் வம்பன், வேலை நல்ல வேலை. தேசியப் பயறு வகை ஆராய்ச்சி மையம் அங்கேதான் இருக்கிறது. உங்கள் வீட்டு இட்லி மாவில் இருக்கிற உளுந்து வம்பன் ரகமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. உளுந்தில் விழும் புரோடீனியாவுக்கு ஒரு என்.பி.வி., துவரையில் விழும் பச்சைக் காய்ப்புழுவுக்கு வேறு ஒரு என்.பி.வி. இதை அதற்கு அடித்தால் வேலை செய்யாது. அதை இதற்கு அடித்தாலும் அப்படியே. அந்தக் காலத்து ரேஷன் கார்டு மாதிரி, அவரவர் கடையில்தான் சரக்கு.

வைரஸ் புழுவுக்குள் எப்படிப் போகிறது என்பது சுவாரஸ்யம். நம் ஜலதோஷ வைரஸ் மாதிரி இது தும்மலில் வராது. புரோட்டீனால் ஆன, பல முகங்கள் கொண்ட ஒரு படிகப் பொட்டலத்துக்குள் சுகமாகத் தூங்கிக்கொண்டு இலைமேல் கிடக்கும். மண்ணுக்குள் விழுந்துவிட்டால் வருஷக்கணக்கில் தூங்கும். நாம் தின்றால் ஒன்றும் ஆகாது. நிஜமாகவே தின்றுகொண்டுதான் இருக்கிறோம். 1973ல் அமெரிக்காவில் கடையில் வாங்கிய முட்டைக்கோஸைச் சோதித்தபோது, முட்டைக்கோஸ் புழுவின் என்.பி.வி. அதன்மேல் ஏராளமாக இருந்தது. சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நம் வயிற்றில் இருப்பது ஆஸிட். புழுவின் குடலோ நேர் எதிர். சலவைச் சோடா கரைத்த தண்ணீர் மாதிரி காரம். அந்தக் காரத்தில்தான் பொட்டலம் பிரியும். பிரிந்ததும் வைரஸ்கள் குடல் செல்களுக்குள் நுழையும், பெருகும், அங்கிருந்து உடம்பு பூராவும் பரவும்.

இதுவரை சாதாரண வைரஸ் கதை. வந்தான், பெருகினான், கொன்றான். இனிமேல்தான் கதையில் திருப்பம்.

பி.காம். படித்தவன் செல்லைப் பற்றி எழுதலாமா என்று கேட்பீர்கள். எனக்கு அதிகம் பழக்கமான செல், எக்ஸெல் ஷீட்டில் இருப்பது. ஆனால் இந்தச் சமாச்சாரத்தைப் படிக்கப் படிக்க, இது சுத்தமான ஆபீஸ் நிர்வாக விவகாரம் என்று புரிந்தது. அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

ஒவ்வொரு செல்லுக்குள்ளும், அது உங்களுடையதோ புழுவினுடையதோ, தன்னைத்தானே முடித்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. வி.ஆர்.எஸ். ஸ்கீம் மாதிரி. ஒரு செல் பழுதாகிவிட்டது, இனி இருந்தால் மற்றவர்களுக்குத் தொந்தரவு என்றால் அது சத்தம் போடாமல் ராஜினாமா கொடுத்துவிடும். அடிபட்டுச் சாகிற செல் அப்படி இல்லை. வீங்கி, வெடித்து, அக்கம்பக்கத்திலெல்லாம் தன் கழிவைக் கொட்டி, வீக்கம் ஜுரம் என்று ரகளை பண்ணிவிட்டுத்தான் போகும். ராஜினாமா செய்கிற செல் ரொம்ப டீஸன்ட். தன் டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக நறுக்கி, உடம்பைச் சின்னச் சின்ன மூட்டைகளாகக் கட்டி, பக்கத்தில் இருக்கும் செல்கள் எடுத்துச் சாப்பிட வசதியாக வைத்துவிட்டுப் போகும். சார்ஜ் ஹேண்ட் ஓவர் பண்ணி, டிராயரைச் சுத்தம் செய்து, சாவியை ஒப்படைத்துவிட்டுப் போகிற ஹெட் கிளார்க்கைப் போல.

இதற்கு அபாப்டோஸிஸ் என்று 1972ல் பெயர் வைத்தார்கள். கெர், வைலி, கர்ரி என்று மூன்று பேர். ஸ்காட்லாந்தில் அபர்தீன் பல்கலைக்கழகத்தின் கிரேக்க மொழிப் பேராசிரியரிடம் போய், 'நல்ல வார்த்தையாக ஒன்று சொல்லுங்கள்' என்று கேட்டு வாங்கிய பெயர். மரத்திலிருந்து இலை உதிர்வது என்று அர்த்தம். பழுத்த இலை உதிர்வதைப் பார்த்து யாரும் மரம் கொலை செய்யப்பட்டது என்று சொல்வதில்லை அல்லவா?

நீங்கள் கர்ப்பத்தில் இருந்தபோது உங்கள் கை, வாத்துக் கால் மாதிரி சேர்ந்துதான் இருந்தது. விரல்களுக்கு நடுவில் இருந்த செல்கள் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டதால்தான் இப்போது ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கின்றன, இந்தப் பத்திரிகையைப் புரட்டுகின்றன. தவளைக் குஞ்சின் வால் மறைவதும் இப்படித்தான்.

இப்போது புழுவுக்கு வருவோம். வைரஸ் ஒரு செல்லுக்குள் நுழைந்து, தன் டி.என்.ஏ.வை நகல் எடுக்க ஆரம்பிக்கிறது. செல்லுக்குச் சந்தேகம் தட்டுகிறது. 'நம் ஆபீஸ் ஜெராக்ஸ் மிஷினில் யாரோ வெளி ஆள் லட்சக்கணக்கில் காப்பி எடுக்கிறானே!' உடனே அது செய்யக்கூடிய உத்தமமான காரியம், ஆபீஸையே இழுத்து மூடிவிடுவது. வைரஸ் பெருகி முடிப்பதற்குள் செல் செத்துவிட்டால், வைரஸும் அதோடு சமாதி. ஒரு செல் போகும், புழு பிழைக்கும்.

ஆக, புழுவைப் பொறுத்தவரை அதன் செல்கள் சீக்கிரம் சாவது நல்லது. வைரஸைப் பொறுத்தவரை செல்கள் சாகக் கூடாது. நம் கடலைக் கொல்லைக்காரரைப் பொறுத்தவரையும் செல்கள் சாகக் கூடாது! செல் செத்தால் புழு பிழைத்துவிடும். செல் பிழைத்தால்தான் புழு சாகும். இதை இன்னொரு தடவை படித்துக்கொள்ளுங்கள். முதல் தடவை எனக்கும் தலை சுற்றியது.

இதைக் கண்டுபிடித்த இடம் அமெரிக்காவில் ஜார்ஜியா பல்கலைக்கழகம். லோயிஸ் மில்லர் என்ற பெண்மணியின் லாப். அங்கே ஆராய்ச்சி மாணவர் ரோலி க்ளெம். அவர்கள் வைத்திருந்தது ஆட்டோகிராஃபா என்ற வேறொரு புழுவின் என்.பி.வி. அந்த வைரஸ் கூட்டத்தில் ஒரு கோளாறுப் பேர்வழி அகப்பட்டான். மற்ற வைரஸ்கள் செல்லுக்குள் போய் நிதானமாக இரண்டு மூன்று நாள் தங்கிப் பொட்டலம் பொட்டலமாகத் தயாரிக்கும். இவன் போன செல்களோ அரை நாளுக்குள் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கி, உதிர்ந்து தூள் ஆயின. பார்த்தவர்கள் 'அடேயப்பா, என்ன வேகமாகக் கொல்கிறான்' என்று வியந்து அவனுக்கு அனைஹிலேட்டர், அதாவது நிர்மூலம் செய்பவன் என்று பெயர் வைத்தார்கள். அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் படப் பெயர் மாதிரி.

விசாரித்துப் பார்த்ததில் விஷயம் வேறாக இருந்தது. அவன் கொல்லவே இல்லை. செல்கள்தான் தாமாகச் செத்துக்கொண்டிருந்தன. மற்ற வைரஸ்களிடம் இருந்த ஒரு ஜீன் அவனிடம் பழுதாகியிருந்தது. அந்த ஜீனின் பெயர் பி-35. செல்லின் ராஜினாமாக் கடிதத்தை வாங்கிக் கிழித்துப் போடுவதுதான் அதன் வேலை. கிழிக்க ஆள் இல்லாததால் செல்கள் ஜாலியாக வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு போய்விட்டன. நிர்மூலம் என்று பெயர் வாங்கியவன் பெரிய ஏமாளி. அவனுக்குப் பொட்டலமே சரியாகத் தேறவில்லை. இது 1991ல் 'ஸயன்ஸ்' பத்திரிகையில் வந்தது. ஒரு வைரஸ் தன் எஜமான செல்லின் தற்கொலையை ஒரு ஜீனை வைத்துத் தடுக்கிறது என்று பளிச்சென்று காட்டிய ஆரம்பகால ஆராய்ச்சிகளில் இது ஒன்று.

1993ல் அதே மில்லரும் க்ளெமும் முழுப் புழுக்களிலேயே சோதித்தார்கள். பி-35 இல்லாத வைரஸை ஸ்போடாப்டிரா ஃப்ரூஜிபெர்டா என்கிற புழுவுக்குக் கொடுத்தபோது, அதைக் கொல்ல வழக்கத்தைவிடப் பல மடங்கு அதிக வைரஸ் தேவைப்பட்டது. அதே ஊனமுற்ற வைரஸை முட்டைக்கோஸ் புழுவுக்குக் கொடுத்தால், எந்த வித்தியாசமும் இல்லாமல் அது பாட்டுக்குச் செத்தது. அதாவது ஒரு புழுவின் செல்கள் ரோஷக்காரர்கள், இன்னொன்றின் செல்கள் 'போனால் போகட்டும்' பார்ட்டி. ஒரு வைரஸுக்கு எந்தப் புழு சாகும், எது சாகாது என்று தீர்மானிக்கிற காரணங்களில் இதுவும் ஒன்று.

இந்த பி-35 எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடலாம். டீ குடிக்கிறவர்கள் குடித்துவிட்டு வரலாம்.

செல்லை உள்ளிருந்து நறுக்குகிற கத்தரிக்கோல்களுக்குக் காஸ்பேஸ் என்று பெயர். இவை என்ஸைம்கள். சாதாரணமாக உறைக்குள் மூடியே கிடக்கும். சாவுக்கான ஆர்டர் வந்தால் மேல் அதிகாரிக் காஸ்பேஸ் முதலில் விழித்து, கீழே இருக்கும் சிப்பந்திக் காஸ்பேஸ்களை உறையிலிருந்து எடுத்து விடும். சிப்பந்திகள் கண்ணில் பட்ட புரோட்டீனையெல்லாம் நறுக்கித் தள்ளும். நறுக்குவதற்கு ஒரு இலக்கு வேண்டும். புரோட்டீன் சங்கிலியில் அஸ்பார்ட்டிக் ஆஸிட் என்கிற மணி இருக்கும் குறிப்பிட்ட இடங்களில்தான் வெட்டும்.

பி-35 என்ன செய்கிறது? கத்தரிக்கோலோடு சண்டை போடவில்லை. தன் உடம்பிலேயே ஒரு வளையத்தை நீட்டி, 'இதோ இங்கே வெட்டு ராஜா' என்று காட்டுகிறது. கத்தரிக்கோல் ஆசையாக வெட்டுகிறது. வெட்டிய அந்த நொடியில் பி-35 உருவம் மாறி, வெட்டுப்பட்ட முனை கத்தரியின் பற்களுக்கு நடுவே ரசாயனப் பிணைப்பாகவே ஒட்டிக்கொண்டு விடுகிறது. பூட்டுக்குள் சாவி உடைந்து மாட்டிக்கொண்ட நிலை. இனி அந்தப் பூட்டை யாரும் திறக்க முடியாது. ஒரு பி-35, ஒரு காஸ்பேஸ்; இரண்டும் அவுட். பி-35 காஸ்பேஸைத் தடுக்கிறது என்பது 1995ல் தெரிந்தது. அந்த உடைந்த சாவியின் உருவப் படமே 2001ல் கிடைத்தது. எனக்கு இந்த இடம் படித்தபோது மகாபாரதத்துச் சகுனியே தேவலை என்று தோன்றியது.

நம் புரோடீனியா புழுவின் சொந்த வைரஸிடம் இருப்பது இதன் பெரியண்ணன். பி-49. பி-35 பெரும்பாலும் சிப்பந்திகளைத்தான் மடக்கும். பி-49 இன்னும் மேலே போய், ஆர்டர் போடுகிற அதிகாரியின் கையையே பிடித்துவிடும். ஃபைல் கையெழுத்தே ஆகாது. தமிழ்நாட்டில் எந்த அலுவலகத்தில் காத்திருந்தவருக்கும் இது புதிதல்ல.

செல்லை வைரஸ் இப்படிக் காப்பாற்றுவதைப் பார்த்து நெகிழ்ந்துவிடாதீர்கள். ராஜினாமாவை மறுத்து ஓவர்டைம் வாங்குகிறது, அவ்வளவே. நியூக்ளியஸ் முழுக்கப் பொட்டலங்களால் ரொம்புகிற வரை செல் உயிரோடு இருக்க வேண்டும். அதோடு நிற்கவில்லை. ஈ.ஜி.டி. என்று இன்னொரு ஜீன் வைத்திருக்கிறது. புழு தோலுரிக்கிற பருவத்தில் சாப்பாட்டை நிறுத்திவிடும். அப்புறம் கூட்டுப்புழு ஆகிவிடும். ஈ.ஜி.டி. அந்தத் தோலுரிக்கும் ஹார்மோனைச் செயலிழக்க வைக்கிறது. புழு தொடர்ந்து தின்கிறது, வளர்கிறது. புழு பெருத்தால் ஃபாக்டரி பெருத்தது. செல்லுக்கும் சர்வீஸ் எக்ஸ்டென்ஷன், புழுவுக்கும் சர்வீஸ் எக்ஸ்டென்ஷன். தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயதை 2020ல் ஐம்பத்தொன்பதாகவும் 2021ல் அறுபதாகவும் உயர்த்தியபோது கேட்ட முணுமுணுப்பு ஞாபகம் வருகிறது.

2011ல் இன்னொரு விஷயம் வெளியானது. ஜிப்ஸி அந்துப்பூச்சியின் புழுக்கள் வைரஸ் வந்தால் மர உச்சிக்கு ஏறிப்போய்ச் சாகும். அந்த வைரஸிலிருந்து ஈ.ஜி.டி.யை எடுத்துவிட்டால் ஏறுவதில்லை! உச்சியில் செத்தால்தானே உடம்பு கரைந்து கீழே இருக்கிற இலைகள் மேலெல்லாம் சொட்டும், அடுத்த தலைமுறைப் புழு அதைத் தின்னும். கடைசியில் தோலைக் கிழிக்கவும் சதையைக் கரைக்கவும் தனித்தனி என்ஸைம்கள். ஆரம்பத்தில் பார்த்த கொழகொழ திரவம் இதுதான். ஒரு பெரிய புழு இப்படி உருகினால் அதில் நூறு கோடிக் கணக்கில் பொட்டலம் தேறும். 600 கோடிப் பொட்டலத்துக்கு ஒரு 'எல்.இ.' என்று கணக்கு. கிட்டத்தட்ட ஒரு புழுச் சரக்கு. ஒரு ஹெக்டேருக்கு 250 எல்.இ. சிபாரிசு. பெருக்கிப் பார்த்தேன். ஒன்றரை லட்சம் கோடி. மத்திய பட்ஜெட்டுக்கு வெளியே நான் இந்தத் தொகையைப் பார்ப்பது இதுவே முதல் தடவை.

இதிலெல்லாம் கடலைக்காரருக்கு என்ன லாபம்? இருக்கிறது. கீரமங்கலம் பக்கம் எனக்கு ஒரு மாமா. மார்கழிப்பட்டத்துக் கடலையில் புரோடீனியா. யாரோ சொன்னார்கள் என்று என்.பி.வி. வாங்கி அடித்தார். நாலாம் நாள் போன் பண்ணினேன்.

"என்ன மாமா, புழு செத்துச்சா?"

"எங்க மாப்ளே! மூணு நாளு பார்த்தேன். ஜம்முனு தின்னுக்கிட்டுத்தான் இருக்கு. வைரஸாவது வெங்காயமாவது. கடைக்காரர்ட்ட கேட்டேன், ஒரு டப்பா குடுத்தாரு. நேத்துச் சாயங்காலம் அடிச்சுட்டேன்."

"அய்யய்யோ. இன்னும் ரெண்டு மூணு நாள் பொறுத்திருந்தா அதுவே செத்திருக்குமே மாமா."

"பொறுத்திருக்கலாம்தான். எலை பொறுக்கணுமே மாப்ளே?"

அவர் கேள்வி நியாயமானது. கடையில் கொடுக்கிற ரசாயன மருந்து நரம்பைத் தாக்கும். சாயங்காலம் அடித்தால் காலையில் பிணம் எண்ணலாம். என்.பி.வி.க்கு நாலிலிருந்து ஏழு நாள் ஆகும். அந்த நாட்கள் வீணாகப் போகவில்லை. வைரஸ் புழுவின் செல்களைச் சாக விடாமல் பிடித்துவைத்துச் சரக்கு தயாரிக்கிற நாட்கள் அவை. அவசரமாகக் கொல்கிற வைரஸ் எப்படிப்பட்ட ஏமாளி என்று ஜார்ஜியாவில் பார்த்தோம். நடுவில் புகுந்து ரசாயனம் அடித்தால், புழு பாதி வேலையில் செத்துவிடும். அடுத்த புழுவுக்குப் போக வேண்டிய பொட்டலம் தயாராகியிருக்காது. ரசாயனத்துக்கும் காசு, வைரஸுக்கும் காசு. வவுச்சர் இரண்டு, வரவு ஒன்று. இதை டபுள் என்ட்ரி என்று சொல்ல முடியாது.

அதனால்தான் சின்னப் புழுவாக இருக்கும்போதே அடிக்கச் சொல்கிறார்கள். குஞ்சுப் புழு குறைந்த வைரஸுக்கே மடங்கும், தின்கிற இலையும் கொஞ்சம். பெரிய புழுவானால் குடல் செல்களை வைரஸோடு சேர்த்தே உதிர்த்துவிட்டுத் தப்பித்துக்கொள்ளும் திறமை அதிகம். மாமா அடித்தபோது புழு சுண்டுவிரல் நீளம் இருந்தது.

இந்தப் புழு வைரஸ் விவகாரம் கடலையோடு முடிந்திருந்தால் 'ஸயன்ஸ்' பத்திரிகை இத்தனை பக்கம் ஒதுக்கியிருக்காது. 1993ல் மில்லர் கோஷ்டி வெளியிட்ட இன்னொரு கட்டுரையில், ஆப்பிள் பழத்தைத் துளைக்கும் புழுவின் வைரஸில் பி-35 அல்லாத இன்னொரு தடுப்பு ஜீன் இருப்பதாக எழுதினார்கள். ஐ.ஏ.பி. என்று பெயர். எங்கிருந்து கிடைத்தது என்றால், வைரஸ் அதை ஏதோ ஒரு காலத்தில் பூச்சியிடமிருந்தே திருடியிருக்கிறது என்பதுதான் இன்றைய கருத்து. அப்படியானால் பூச்சியிடம் ஒரிஜினல் உண்டு. பூச்சியிடம் இருந்தால் மனுஷனிடம்? தேடினார்கள். 1995லிருந்து வரிசையாக அகப்பட்டன. நம் செல்களுக்குள்ளும் அதே ஜாதி ஜீன்கள், அதே வேலை: ராஜினாமாவை நிறுத்திவைத்தல். அளவோடு இருந்தால் நல்லதுதான்; சின்னத் தலைவலிக்கெல்லாம் செல் வி.ஆர்.எஸ். கேட்டால் என்ன ஆவது?

அளவு மீறினால் அதற்குப் பெயர் புற்றுநோய். சாக வேண்டிய செல் சாகாமல், சீட்டைக் காலி பண்ணாமல், மேலும் மேலும் பெருகுவதுதானே அது. 1997ல் சர்வைவின் என்றொரு புரோட்டீனைக் கண்டுபிடித்தார்கள். பலவகைப் புற்றுநோய்க் கட்டிகளில் இது கொட்டிக் கிடக்கிறது. ஆரோக்கியமான பெரியவர்களின் பெரும்பாலான திசுக்களில் தேடினாலும் அதிகம் கிடைப்பதில்லை. மனித ஜீன்களின் சர்க்கார் பதிவேட்டில் அதன் அதிகாரப்பூர்வப் பெயர் பி.ஐ.ஆர்.சி-5. அந்த முதல் எழுத்து 'பி' எதைக் குறிக்கிறது தெரியுமா? பாக்குலோவைரல். அதாவது என்.பி.வி.யின் குடும்பப் பெயர். புற்றுநோய் டாக்டர்கள் உலகம் பூராவும் உச்சரிக்கிற ஒரு மனித ஜீனுக்கு இனிஷியல் கொடுத்தது, புழுவைத் தலைகீழாகத் தொங்கவிடுகிற வைரஸ் குடும்பம்.

இந்த ஐ.ஏ.பி.க்களின் வாயை அடைத்துவிட்டால் புற்றுநோய் செல் மறுபடி ராஜினாமா செய்யுமே என்று மருந்துகள் தயாரித்து வருகிறார்கள். சுலபமாக இல்லை. அந்த ரகத்தில் ரொம்ப எதிர்பார்க்கப்பட்ட செவினபான்ட் என்ற மருந்து, தலை, கழுத்துப் புற்றுநோய்க்கான கடைசிக் கட்டச் சோதனையில் பலன் காட்டாததால் 2024ல் நிறுத்தப்பட்டது. மற்றவை சோதனையில் இருக்கின்றன.

இன்னொரு பக்கம், செல் சாகாமல் இருப்பதையே வியாபாரமாக்கியவர்களும் உண்டு. மில்லர் லாபில் செத்து உதிர்ந்த செல்கள் ஸ்போடாப்டிரா ஃப்ரூஜிபெர்டா என்ற புழுவினுடையவை என்றேன். 1977ல் அதன் கூட்டுப்புழுவின் சினைப்பையிலிருந்து எடுத்து, கண்ணாடிக் குடுவையில் வளர்க்க ஆரம்பித்த செல்கள். அதன் வாரிசுகளுக்குள் என்.பி.வி.யை அனுப்பி, பொட்டலப் புரோட்டீனுக்குப் பதிலாக நமக்கு வேண்டிய புரோட்டீனைத் தயாரிக்க வைக்கலாம் என்று 1983ல் டெக்ஸாஸில் செய்து காட்டினார்கள். வைரஸ் தன் பழக்கப்படியே பி-35ஐ வைத்து செல்லைச் சாக விடாமல் ஓவர்டைம் வாங்கும்; சரக்கு மட்டும் நம்முடையது. கொரோனாவுக்குப் புனேயில் தயாராகி 2021 டிசம்பரில் இந்தியாவில் அனுமதி பெற்ற கோவோவாக்ஸ் தடுப்பூசியின் புரோட்டீன் இந்த முறையில், இந்தப் புழுவின் செல்களில் தயாரானதுதான்.

ஃப்ரூஜிபெர்டா என்றால் தெரியாது. படைப்புழு என்றால் தெரியும். 2018ல் கர்நாடகாவில் வந்திறங்கி, அதே வருஷம் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பெரம்பலூர், அரியலூர் என்று மக்காச்சோளக் காடுகளைக் குருத்தோடு தின்று தீர்த்ததே, அதே படைப்புழு. லாபில் நாற்பது வருஷமாக உழைத்த குடும்பம், வயலில் வந்து வட்டியும் முதலுமாக வசூல் பண்ணிவிட்டது.

ஊரில் அப்பாவோ மாமாவோ கடலை போட்டிருந்தால் ஆபீஸிலிருந்தே ஒரு போன் செய்து சொல்லுங்கள். வரப்போரம் நாலு ஆமணக்கு நட்டுவைத்தால் தாய்ப்பூச்சி முதலில் அதில்தான் முட்டையிடும். அந்த இலையைக் கிள்ளி அழித்தாலே பாதிக் கதை முடிந்தது. இனக்கவர்ச்சிப் பொறியில் அந்துப்பூச்சி விழ ஆரம்பித்ததும் தினம் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். குஞ்சுப் புழு கண்ணில் பட்டதும் என்.பி.வி. வெயில் தாழ்ந்த பிறகுதான் அடிக்க வேண்டும். வைரஸுக்கு வெயில் ஆகாது, புழுவுக்கும் டூட்டி ராத்திரிதான். புழு ஆசையாகத் தின்ன ஹெக்டேருக்கு இரண்டரைக் கிலோ வெல்லம், இலையில் ஒட்ட ஒட்டும் திரவம். வெயிலிலிருந்து வைரஸைக் காக்க வெள்ளைச் சட்டைக்குப் போடுகிற ரானிபாலைக்கூடக் கலந்து பார்த்திருக்கிறார்கள். வம்பனில் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது. அங்கே கேட்டால் மீதி விவரம் சொல்வார்கள்.

மூன்றாம் நாள் ஊரிலிருந்து போன் வரும். "ஒண்ணுமே சாகலையேடா" என்பார்கள். எடுக்க வேண்டாம். ஏழாம் நாள் நீங்களே கூப்பிடுங்கள்.